பெருக்கல் குறி போட்ட பெயர்

ஐப்பசி 12, புதன்

விடியலிலிருந்தே தூறல். வேலை ஏரி வரத்து வாய்க்காலில். ஆள் முப்பத்தொன்று. காலைப் போட்டோ ஏறவில்லை, சிக்னல் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரை மேட்டுக்கும் புளியமரத்துக்குமாக நாலு நடை. அதுவரை எல்லாரும் மண்வெட்டியோடு நனைந்துகொண்டு நின்றார்கள். படம் ஏறினால்தான் வருகை, வருகை இருந்தால்தான் கூலி. பத்தரைக்கு ஏறியது. நூறு நாள் வேலைப் பொறுப்பாளர் என்றால் பெரிய கௌரவம் என்று ஊரில் நினைப்பு. போனுக்கு ஊழியம் செய்வதுதான் வேலை.

வாங்க வேண்டியது: கொசுவத்தி, ரவை, சின்னவளுக்கு ரெக்கார்டு நோட்டு, வீட்டுக்காரர் இடுப்புக்குத் தைலம்.

இந்த டைரி கட்சி கொடுத்தது. போன வருஷத்து டைரி, கிழமை ஒத்துப்போகாது. அச்சுத் தேதியை அடித்துவிட்டு மேலே தமிழ் மாசம் எழுதிக்கொள்கிறேன்.

சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் போனேன். அரசாங்கத் தொகுப்பு வீடு லிஸ்ட் ஒட்டியிருந்தார்கள். பதினாலு பெயர். அண்ணன் பெயரில் மாடி வீடு இருக்கிறவன் இருக்கிறான். ஊரிலேயே இல்லாத ஒருத்தி இருக்கிறாள். தனலட்சுமி இல்லை. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை விரல் வைத்துப் படித்தேன். இல்லை.

தனத்துக்கு இல்லாமல் வேறு யாருக்கு இந்த வீடு. ஏன் இல்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்றைக்கு எழுதத் தெம்பு இல்லை.

ஐப்பசி 13, வியாழன்

தூறல் விட்டது. வெக்கை. சோளக்காட்டில் படைப்புழு, மருந்துக்குச் சொல்ல வேண்டும்.

தனம் வேலைக்கு வந்தாள். லிஸ்ட்டைப் பார்த்திருக்கிறாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. மண் சட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, அண்ணனிடம் நீ ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன் என்றாள். அவ்வளவுதான். அண்ணன் என்றால் எங்கள் கட்சிக் கிளைச் செயலாளர் நல்லதம்பி. (இனிமேல் கி.செ. பெயரை முழுதாக எழுத எனக்கு இஷ்டமில்லை.)

சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

நானும் தனமும் ஒரே ஆவணியில் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். அவள் திருமானூர்ப் பக்கம், நான் மீன்சுருட்டிப் பக்கம். ஆற்றுத்தண்ணி குடித்து வளர்ந்தவள், இந்த மானாவாரிக் காட்டுக்கு வந்து முதல் வருஷம் தண்ணிக்குக் குடத்தோடு அழுதாள். அவள் அழ, நான் ஏச, அப்படிப் பழகினோம். இப்போது அவள் புருஷன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போய் நாலு வருஷம். கட்டிலோடு இருக்கிறான். ஒரே மகள் சௌமியா, பத்தாவது படிக்கிறாள். நன்றாகப் படிக்கிற பெண்.

வீடு மண்சுவர், மேலே கீற்று. கீற்றுக்கு மேல் பிளெக்ஸ். அந்த பிளெக்ஸ் நான் கொடுத்தது, தேர்தல் கூட்டம் முடிந்து கழற்றினது. படம் உள்பக்கமாக இருக்கும்படி விரித்திருக்கிறாள், அப்படிப் போட்டால் வெயிலுக்குச் சாயம் போகாது, மழைக்கும் தாங்குமாம். கீற்று இற்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் கும்பிடுக்குக் கீழேதான் சௌமியா படிக்கிறது.

அவள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒருநாள் இரண்டு பேரும் எண்ணிச் சிரித்தோம். டி.வி. ஒரு ஆட்சி. மிக்சி, கிரைண்டர், பேன் இன்னொரு ஆட்சி. மாசாமாசம் பேங்கில் விழுகிறது இந்த ஆட்சி. எல்லா ஆட்சியும் உள்ளே வந்துவிட்டது, சுவர்தான் எந்த ஆட்சியிலும் வரவில்லை என்றாள்.

ஐப்பசி 15, சனி

மழை இல்லை. குன்னம் ரோட்டில் கி.செ.யின் உரக்கடைக்குப் போனேன். புழு மருந்துக்குக் கூட்டம். கூட்டம் குறைகிற வரை மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணே, தனத்து பேரு விட்டுப்போயிருக்குங்க என்றேன். விட்டுப்போகவில்லை என்றார். கல்லா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் போட்டார். வாக்காளர் பட்டியல், நம்ம பூத். ஓரமெல்லாம் அழுக்கு. அதை நான் இருட்டில் தொட்டாலும் கண்டுபிடிப்பேன். என் லிஸ்ட்.

பங்குனியில் வீடு வீடாகப் போய்ப் போட்டது. நம்ம ஓட்டுக்கு டிக். அவங்க ஓட்டுக்குப் பெருக்கல். தெரியாததற்கு வட்டம். எல்லாம் பென்சிலில். தனலட்சுமி பெயருக்கு நேரே பெருக்கல். அதன் மேல் யாரோ சிவப்புப் பேனாவால் அழுத்தி எழுதியிருக்கிறார்கள். வீட்டு லிஸ்ட் எழுதும்போது இதைத்தான் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாராம். சொல்வதற்குக் கூச்சமே இல்லை.

"யாரும்மா போட்டது? நீதான போட்டே. எனக்கு அந்தப் புள்ள மேல ஒரு கோவமும் இல்ல. பெருக்கல் போட்டவளுக்கு வூடு குடுத்தேன்னு வையி, டிக் போட்டவன் நாளைக்கி என் சட்டையப் புடிப்பான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் வீட்டு நிலைமையைச் சொன்னேன். புருஷன் கிடக்கிற கிடையைச் சொன்னேன். தெரியும் தெரியும் என்றார். அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். அப்புறம் ரொம்பச் சாதாரணமாக, பொறுப்பாளர் வேலைக்கு ஏழு பேர் கேட்டார்கள், யாருக்கு வாங்கிக் கொடுத்தேன் என்று கேட்டார். டீ வரவழைத்தார்.

டீயைக் குடித்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். குடித்துவிட்டு, போயிட்டு வரேங்கண்ணே என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். மானங்கெட்டவள்.

தைலம் வாங்க மறந்துபோச்சு.

ஐப்பசி 16, ஞாயிறு

மூட்டம். துணி காயவில்லை. கறி எடுக்கவில்லை, அவர் முகம் சுண்டிப்போச்சு.

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

பங்குனி மாசம், இதே போல் வேலைத்தளம். சாப்பாட்டு நேரம். தனம் என் தூக்குவாளியிலிருந்து மாங்காய் ஊறுகாயை எடுத்துக்கொண்டே சொன்னாள், இந்தத் தடவை உங்களுக்கு இல்லடி, எங்க ஊரு மாப்பிள்ளை நிக்கிறாரு, அவருக்குத்தான் என்று. சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினாள். நானும் சிரித்தேன். போடி இவளே என்று கையில் தட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்துப் பெருக்கல் போட்டேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வட்டம் போட்டிருக்கலாம். டிக்கே போட்டிருந்தால் யாருக்குத் தெரியும். ஆனால் என் லிஸ்ட்டில் பொய் இருக்கக் கூடாது, அதுதான் திமிர். மற்ற பூத்துக்காரர்கள் எல்லாருக்கும் டிக் போட்டுக் கொடுத்துவிட்டுத் தேர்தல் முடிந்ததும் முழிப்பார்கள். நான் அப்படி இல்லை. எவன் எந்தக் கோயில் திருவிழாவில் யாரோடு பேசினான், எவள் வீட்டுக்கு எந்தக் கட்சி ஆட்டோ வந்தது, எல்லாம் பார்த்துப் போடுவேன். கலாவின் லிஸ்ட் தப்பாது என்று கி.செ. மேடையிலேயே சொன்னார். அன்றைக்கு எனக்குப் போட்ட சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது.

ஓட்டு எண்ணினபோது நம்ம பூத் கணக்கைத் தனியாக வாங்கிப் பார்த்தேன். ஓட்டுப் போட வராதவர்களைக் கழித்துவிட்டால் என் லிஸ்ட்டில் பெருக்கல் நாற்பத்தாறு. அவர்கள் சின்னத்துக்கு விழுந்தது நாற்பத்தைந்து. டிக்கையும் வட்டத்தையும் கூட்டிப் பார்த்தால் நம்ம பக்கம் ஒன்று அதிகம். ஒரே ஒரு ஓட்டு இடித்தது. எல்லாரும் பாராட்டினார்கள், எனக்கு மட்டும் அந்த ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எந்தப் பெருக்கல் நமக்குப் போட்டது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன், தெரு தெருவாக.

லிஸ்ட் ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறதுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன் என்று எழுத வந்தேன். பொய். முதியோர் பென்ஷனுக்கும் பழைய லிஸ்ட்டைத்தான் பார்த்தார்கள் என்று போன வருஷமே தெரியும். அப்போது அடிபட்டவர்களில் தனம் இல்லை, அதனால் எனக்கு வலிக்கவில்லை.

அவரிடம் சொன்னேன். அவர் பனியனை மடித்துக்கொண்டே, இப்ப அவ கிட்ட போய் சொல்லி நீயும் வேலைய விட்டுட்டு வந்து நிக்காத என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. அவருக்கு லாரி லோடு வேலை மாசத்தில் பத்து நாள்தான்.

ஐப்பசி 18, செவ்வாய்

நேற்று மத்தியானம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. வேலை கிடையாது. வெங்காயம் அழுகிறது என்று பேச்சு.

காலை எட்டு மணி இருக்கும். தனம் வீட்டு மேற்குச் சுவர் விழுந்துவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லையாம், ஊறின சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கட்டில் கிழக்குப் பக்கம். புருஷன் பிழைத்தான். கிரைண்டர், புத்தகப் பை, அரிசிப் பானை எல்லாம் மண்ணுக்குள்.

நான் போனபோது சௌமியா மண்ணைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தது. கணக்கு நோட்டு கிடைத்தது, இரண்டாய்ப் பிரிந்து. அறிவியல் கிடைக்கவில்லை. தனம் அழவில்லை. கட்டிலை நாலு பேர் தூக்கிச் சமுதாயக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தோம். பிளெக்ஸ் மட்டும் கிழியாமல் கீற்றோடு தொங்கியது. அதை உருவிக் கட்டிலுக்கு மறைப்பாகக் கட்டினாள்.

என் வீட்டில் வந்து இரு என்றேன். கட்டில் உன் வூட்டு வாசக்கால்ல நொழையாதுடி என்றாள். நுழையாதுதான்.

ஐப்பசி 19, புதன்

மழை குறைவு. கி.செ. வந்தார், இரண்டு பேரோடு. அரிசிச் சிப்பம், பாய், போர்வை. உடனே கொடுத்துவிடவில்லை. படம் எடுக்க வேண்டும்.

தனம் ஒரு பக்கம், சௌமியா ஒரு பக்கம், நடுவில் அவர். பின்னால் தொங்கின பிளெக்ஸைத் திருப்பிக் கட்டச் சொன்னார், தலைவர் முகம் தெரிய. யார் எடுப்பது என்று பார்த்தார்கள். கலாவுக்குத்தான் போட்டோ எடுத்துப் பழக்கம் என்று என் கையில் போன்.

எடுத்தேன். மூன்று எடுத்தேன். முதல் இரண்டில் தனம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில், கொஞ்சம் சிரிச்ச மாதிரி இரும்மா என்று யாரோ சொல்ல, என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான்.

கிளம்பும்போது அவளைக் கேட்டார், ஓட்டை எங்கெங்கேயோ போட்டுட்டு இப்ப யாரு வந்து நிக்கிறாங்க பாத்தியா என்று. கேலி போலத்தான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தனம் என் பக்கம் திரும்பினாள். நான் போனில் படத்தைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

தைலம் வாங்கியாச்சு. ரெக்கார்டு நோட்டு இரண்டாக வாங்கினேன், ஒன்று சௌமியாவுக்கு.

ஐப்பசி 21, வெள்ளி

வெயில் வந்தது. வேலை உண்டு, ஆள் இருபத்தாறு. தனம் வரவில்லை.

ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு சமுதாயக் கூடத்துக்குப் போனேன். தனம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திருப்பூருக்குப் போகிறார்களாம். அவள் அண்ணன் மகன் அங்கே இருக்கிறான், ஒரு ரூம் பார்த்துக் கொடுத்துவிட்டான். அவளுக்கும் சௌமியாவுக்கும் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாசம்கூட இல்லையே என்றேன். மழை மார்கழி வரைக்கும் பெய்யும், அதுவரைக்கும் அவரை இந்தக் கூடத்துல வெச்சிருக்க விடுவாங்களா என்றாள். அடுத்த வாரமே இங்கே ஒரு வளைகாப்பு. வீடு கிடைத்திருந்தால், கட்டுகிற வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடித்திருப்பேன் என்றாள்.

சௌமியா நோட்டை வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்தது. தேங்க்ஸ் அத்தை என்றது. பையில் வைக்கவில்லை, ஜன்னல் மேல் வைத்துவிட்டுத் தண்ணி எடுக்கப் போனது.

அப்போதுதான் சொன்னேன். ஒரே மூச்சில். பங்குனியில் நீ சொன்னதைக் கேட்டுவிட்டு உன் பெயருக்குப் பெருக்கல் போட்டது நான்தான், அதைப் பார்த்துத்தான் உன்னை விட்டிருக்கிறார்கள், போன வாரமே எனக்குத் தெரியும் என்று. சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கை நிற்கவில்லை. ஒரு பாவாடை, ஒரு சட்டை, ஒரு துண்டு. மடித்து முடித்துப் பைக்குள் திணித்தாள். புருஷன் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், தூங்கவில்லை.

"அன்னிக்கி உன்னை வம்புக்கு இழுக்கச் சொன்னதுடி அது. இவரு அங்கதான் போட்டாரு, ஆட்டோ வெச்சு கூட்டிட்டுப் போனாங்க. நான் பொட்டி முன்னாடி நின்னேன். கலா ஊரெல்லாம் அலஞ்சு எழுதுறாளே, ஓட்டு கொறஞ்சா அவ பேரு கெட்டுடுமேன்னு நெனச்சேன். உங்களுக்குத்தான் அமுக்குனேன்."

பையின் வாயைக் கட்டிக்கொண்டே, அந்தப் பெருக்கலை அழிக்க முடியாதாடி என்று கேட்டாள். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டாள். நான் பென்சில்லதான் போட்டேன், அதுக்கு மேல செவப்புப் பேனாவால எழுதிட்டாங்க என்றேன்.

ஓ என்றாள். அப்புறம் சாப்பிட்டியா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நாற்பத்தாறு, நாற்பத்தைந்து. இத்தனை மாசம் நான் தேடின அந்த ஒரு ஓட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து என் ஊறுகாயைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அழுகை நிற்கவில்லை. சின்னவள் வந்து என்னம்மா என்றாள். வெங்காயம் என்றேன். நறுக்கவே இல்லை.

ஐப்பசி 22, சனி

மறுபடி தூறல். உரக்கடைக்குப் போனேன். தனம் நமக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறாள், லிஸ்ட் தப்பு, நான் போட்டது தப்பு என்றேன். கடையில் ஆள் இருந்தார்கள். பரவாயில்லை என்று சத்தமாகவே சொன்னேன்.

கி.செ. நிமிர்ந்து பார்த்தார். வூடு இல்லன்னு ஆனதும் எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க என்றார். இதுவரைக்கும் எட்டுப் பேர் வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார்களாம். அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்றேன். அப்ப உன் லிஸ்ட் பொய்யா, எத்தனை பேருக்கு இப்படி மாத்திப் போட்ட என்று கேட்டார். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் மனு கொடுக்கிறேன் என்றேன். குடு, உன் கையெழுத்து அங்க எல்லாருக்கும் தெரியும் என்றார்.

டீ வரவழைக்கவில்லை.

மனு எழுதினேன். தனத்தின் பெயரில், நானே. கடைசியில் அவள் கையெழுத்து வேண்டும். கொண்டுபோனால் வேண்டாம் என்கிறாள். உனக்கு இருக்கிறதும் போயிடும், வுடு என்கிறாள். என்னைக் காப்பாற்ற அவளுக்கு இன்னும் மனசு வருகிறது. அதுதான் தாங்கவில்லை.

ஐப்பசி 24, திங்கள்

மழை இல்லை. குளிர்காற்று.

காலை முதல் பஸ்ஸுக்குப் போனார்கள். பெரம்பலூர் போய் மாறி, அங்கிருந்து திருப்பூர். புருஷனை மூன்று பேர் தூக்கி ஏற்றினார்கள். கட்டில் இங்கேயே. மூட்டை நாலு. மிக்சியை மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்து சர்ட்டிபிகேட் வாங்க அப்புறம் வருவார்களாம். வரமாட்டார்கள்.

நான் மூட்டை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னல் வழியாக அவள்தான் பேசினாள்.

"ஓட்டு வந்தா ஒரு போன் பண்ணு. வந்து போட்டுட்டுப் போறேன். இந்தத் தடவ டிக்கே போடு, என்ன."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கோபமே இல்லை. நிஜமாகத்தான் சொன்னாள். அடுத்த லிஸ்ட்டிலாவது பெயர் வரட்டும் என்று.

வேலைத்தளம் ஆள் இருபத்தெட்டு. போட்டோ உடனே ஏறியது.

மத்தியானம் கி.செ. ஆள் ஒருவர் வந்து ஒரு காகிதக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். புதுப் பட்டியல். உள்ளாட்சித் தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரும், முன்னாடியே போட்டு வைக்கணுமாம். அண்ணன் பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லச் சொன்னாராம். ஊரில் இல்லாத ஓட்டையெல்லாம் கோடு போட்டு அடித்துவிடணுமாம், தனம் வீட்டையும் சேர்த்து.

நாங்கள்தான் முதல் வீடு, எங்கள் தெருவிலிருந்துதான் பட்டியல் தொடங்கும்.

1. மாமனார். செத்து மூன்று வருஷம், இன்னும் நீக்கவில்லை. கோடு.
2. அவர். டிக்.
3. நான்.

போன தடவை இந்த இடத்தில் யோசிக்கவே இல்லை. டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். இன்றைக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. பென்சிலைப் பட்டியலுக்குள் வைத்துவிட்டு உலை வைக்கப் போகிறேன்.